கையில் ஊற்றிய தண்ணீர்: பயண எழுத்தும் 'வழக்கம்' என்ற சொல்லும்

1

பயண நூல்களை நாம் சாட்சிகளாகவே படித்துப் பழகியிருக்கிறோம். பள்ளிக்கூடத்து வரலாற்றுப் பாடத்தில் மெகஸ்தனிஸ், பாஹியான், யுவான் சுவாங், மார்கோ போலோ என்று வரிசையாக வந்து ஆளுக்கொரு வாக்குமூலம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நாடு செழிப்பாக இருந்தது, மக்கள் நேர்மையானவர்கள், துறைமுகங்களில் குதிரைகள் வந்து இறங்கின - எழுதினால் ஐந்து மதிப்பெண். சாட்சி நம்மைப் புகழ்ந்தால் 'அயல்நாட்டாரே ஒப்புக்கொண்டது' என்போம். இகழ்ந்தால் 'மிகைப்படுத்திச் சொல்லியிருக்கிறார்' என்போம். இரண்டு தீர்ப்பையும் எழுதுகிறவர் ஒருவரே என்பதை யாரும் கவனிப்பதில்லை.

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1939இல் தென்னிந்தியா பற்றிய அயல்நாட்டார் குறிப்புகளை, மெகஸ்தனிஸ் தொடங்கி மா ஹுவான் வரை, ஒரே நூலாகத் தொகுத்தார். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அப்படித் தொகுத்துக் கிடைத்ததை நாம் பயன்படுத்திய விதம் வேறு. கல்குவாரியில் கல் எடுக்கிற மாதிரி வேண்டிய கல்லைப் பெயர்த்துக்கொண்டோம். பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டோம். இந்தக் கட்டுரை அந்தப் பள்ளத்தைப் பற்றியது.

ஒரு பயணப் பிரதிக்குள் குறைந்தது மூன்று பேர் இருக்கிறார்கள். பார்க்கிறவர் ஒருவர். பார்த்ததற்கு விளக்கம் சொன்ன உள்ளூர்க்காரர் இன்னொருவர். துபாஷி, புரவலர், சத்திரத்துக்காரர், கோயில் வாசலில் நிற்கிறவர், யாராகவும் இருக்கலாம். மூன்றாமவர் பார்க்கப்பட்டவர். முதலாமவரின் முன்முடிவுகளைப் பற்றி எட்வர்ட் செய்த் 1978இல் எழுதிய நூலுக்குப் பிறகு நிறையவே பேசிவிட்டோம். மேற்கத்தியக் கண், கீழைத்தேயம் என்ற கட்டமைப்பு, பிறனை உருவாக்குதல் இதெல்லாம் இப்போது கல்லூரிப் பாடமாகவே ஆகிவிட்டது. இரண்டாமவர் எப்படியோ தப்பித்துக்கொண்டார். பயணியின் காதில் ஓதியவர் அவர்தான். பல சமயங்களில் நாம் அவருடைய பேரப்பிள்ளைகள்.

2

மார்கோ போலோவை எடுத்துக்கொள்வோம். வெனிஸ் நகரத்து வணிகர் வீட்டுப் பிள்ளை. சீனத்திலிருந்து கடல் வழியாக ஊர் திரும்பும்போது, 1290களின் தொடக்கத்தில், அவர் மாபார் என்று அழைக்கும் பாண்டிய நாட்டுக் கரையைத் தொட்டுப் போகிறார். 1295இல் ஊர் சேர்ந்து, போரில் அகப்பட்டு, 1298இல் ஜெனோவாச் சிறையில் இருக்கும்போது ரஸ்டிச்செல்லோ என்கிற கதை எழுத்தாளரிடம் சொல்லச் சொல்ல உருவானது அவருடைய நூல். ஆக இது ஒருவர் பார்த்து, இன்னொருவர் எழுதி, பிறகு பலர் கைபட்டுப் படியெடுக்கப்பட்டு, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத நூற்றுக்கு மேற்பட்ட கையெழுத்துப் படிகளாக நமக்குக் கிடைத்த பிரதி. இதை 'நேரில் கண்ட சாட்சி' என்கிறோம்.

மாபாரில் தையல்காரர்களே கிடையாது என்கிறார் போலோ. சட்டை வெட்டித் தைக்க ஆளில்லை, ஏனென்றால் எல்லோரும் இடுப்புத் துணியோடு திரிகிறார்கள். அரசனும் அப்படித்தான், என்ன, அவன் உடம்பு முழுக்க முத்தும் மணியும். மேலோட்டமாகப் பார்த்தால் இது ஒரு தகவல். உற்றுப் பார்த்தால் இது பாண்டிய நாட்டைப் பற்றியதே அல்ல, வெனிஸைப் பற்றியது. இந்த வெயிலில் யாரும் தையல்காரரைத் தேடி அலையவில்லை. தேடியவர் போலோ. பயணி ஒரு ஊரில் இல்லாதவற்றைப் பட்டியல் போடும்போது தன் வீட்டுச் சாமான்களின் பட்டியலைத்தான் நம்மிடம் கொடுக்கிறார்.

இதைச் சொல்லிச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. பல வருஷங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கத்துக்காகப் பாட்னா போயிருந்தேன். அப்போது எழுதிய நாட்குறிப்பு கையில் இருக்கிறது. முதல் பக்கத்தில் 'இங்கே சாப்பிட ஒண்ணுமே கிடைக்கலை' என்று எழுதியிருக்கிறேன். சுற்றிலும் ஒரு நகரமே சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. சத்து மாவும் லிட்டியும் தெருவுக்குத் தெரு விற்றிருக்கிறார்கள். எனக்கு இட்லி கிடைக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதற்கடுத்த பக்கத்தில் அங்குள்ளவர்களின் சுத்தத்தைப் பற்றி எழுதியிருப்பதை இங்கே தர வெட்கமாக இருக்கிறது. இன்று நம்மூர்க் கட்டிடங்களிலும் ஓட்டல்களிலும் வேலைக்கு வந்திருக்கும் பீகார்ப் பிள்ளைகளைப் பற்றிப் பேருந்தில் காதில் விழுகிற பேச்சு, என் நாட்குறிப்பின் மறுபதிப்பு மாதிரி இருக்கிறது.

போலோவிடம் இன்னொரு இடம் நமக்கு மிகவும் பிடித்தமானது. மாபாரில் கறுப்பு அழகாம். பிறந்த குழந்தைகளுக்கு நல்லெண்ணெய் தேய்த்துத் தேய்த்து மேலும் கறுப்பாக்குகிறார்களாம். தெய்வங்களைக் கறுப்பாகவும் பேய்களை வெள்ளையாகவும் தீட்டுகிறார்களாம். கருமையைக் கொண்டாடும் நம் மேடைகளில் இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். நானே சொல்லியும் இருக்கிறேன். சொல்லும்போது விட்டுவிடுகிற ஒன்று உண்டு. எண்ணெய் தேய்த்த குழந்தைகள் எப்படிக் கறுக்கிறார்கள் என்பதற்குப் போலோ கொடுக்கும் உவமை: பேய்களைப் போல. இந்த ஊரில் பேய் வெள்ளை என்று சொல்லப்போகிற அதே மூச்சில் பேய் கறுப்பு என்பது அவருக்குக் கேள்வியே இல்லாத உண்மையாக இருக்கிறது. எதிரே ஒரு கண்ணாடி காட்டப்படுகிறது. தலைகீழாகத் தெரிவது தானும்தான் என்று அவருக்கு உறைக்கவில்லை. அவர் பதிவு செய்து வைத்ததால் எழுநூறு வருஷம் கழித்து நமக்கு உறைக்கிறது. முன்முடிவு உள்ள பயணியும் பயன்படுவது இப்படித்தான்.

இனி, நாம் மேடையில் சொல்லாத பகுதி. மாபாரில் 'கோவி' என்று ஒரு கூட்டத்தார் இருப்பதாகப் போலோ சொல்கிறார். மற்றவர்கள் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள்; இவர்கள் மாட்டைக் கொல்லத் துணியமாட்டார்கள், ஆனால் தானாகச் செத்த மாட்டைத் தின்பார்கள். அந்தப் பெயர் எந்தச் சாதியைக் குறிக்கிறது என்ற தர்க்கத்துக்குள் நான் போகவில்லை. செத்த மாட்டைத் தின்னும்படி யார் வைக்கப்பட்டிருந்தார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. புனித தோமாவின் உடல் இருக்கும் இடத்துக்குள் இந்தக் கோவிகள் நுழைய முடியாதாம். பத்துப் பேர் பிடித்து இழுத்தாலும் உள்ளே நிறுத்த முடியாதாம். காரணம், மயில் வேட்டையாடிய ஒரு கோவியின் அம்பு பட்டுத்தான் தோமா இறந்தார். அதனால் அந்த வம்சத்துக்கே அந்த இடம் விலக்கு. இதைப் புனிதரின் அற்புதமாகவே போலோ எழுதுகிறார்.

இந்த இடத்தை நான் பலமுறை திரும்பப் படித்திருக்கிறேன். கோயில் வாசலில் ஒரு கூட்டத்தார் நிறுத்தப்படுவது இந்த ஊர் ஏற்பாடு. செத்த மாடு தின்பவன் உள்ளே வரக்கூடாது என்பது இந்த ஊர் நியாயம். ஆனால் வந்தவர் கிறிஸ்தவர். அவருக்குப் புரியும்படி ஒரு கிறிஸ்தவக் காரணம் தேவைப்படுகிறது. அது அவர் கையில் ஏற்கெனவே இருக்கிறது: புனிதரைக் கொன்றவர்களின் வம்சம் என்றென்றைக்கும் சபிக்கப்பட்டது. அவருடைய ஐரோப்பாவில் யூதர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த அதே கதை. உள்ளூர்த் தீண்டாமையும் அயலூர் வெறுப்பும் கைகுலுக்கிக்கொள்ள, நடுவில் அற்புதம் ஒன்று பிறந்துவிடுகிறது. வாசலில் நிறுத்தப்பட்டவன் தடுக்கப்படவில்லையாம், அவனால் நுழைய முடியவில்லையாம். தடுத்த கை பிரதியிலிருந்தே மறைந்துபோகிறது.

அந்த வாசலில் போலோவுக்கு விளக்கம் சொன்னவர் யார்? பெயர் இல்லை. ஆனால் அவர் குரலை என்னால் அடையாளம் காண முடிகிறது. 'நாங்க ஒண்ணும் தடுக்கலைங்க, அவங்களே வரமாட்டாங்க' என்று ஊர்த் திருவிழாக்களில் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

3

போலோ குறித்துக்கொண்ட இன்னொரு சிறிய விஷயம் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். இந்த ஊர்க்காரர்கள் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்பதில்லை, அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறார்கள். ஒருவர் பாத்திரத்தை மற்றவர் தொடுவதில்லை. அயலூரான் கையில் பாத்திரம் இல்லாமல் வந்தால் அவன் கையில் ஊற்றுவார்கள், அவன் கையையே கிண்ணமாக்கிக் குடித்துக்கொள்ள வேண்டியதுதான். போலோவுக்கு இது வேடிக்கையான வழக்கம். 2020இல் கொரோனா வந்தபோது இதே வழக்கம் கைபேசிக்குக் கைபேசி சுற்றியது: நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல, எச்சில் படாமல் குடிக்கச் சொன்னது சுகாதாரம். சரி, எச்சில் சுகாதாரம்தான். அப்படியானால் சிலருக்குச் செம்பைக் கொடுத்துவிட்டு, சிலருக்கு மட்டும் கையில் ஊற்றியது எந்தக் கிருமிக்காக?

போலோவுக்கு அரை நூற்றாண்டு கழித்து வந்த இபின் பதூதா இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போகிறார். 1304இல் டாஞ்சியரில் பிறந்து, 1325இல் வீட்டை விட்டுக் கிளம்பி, டெல்லியில் முகமது பின் துக்ளக்கிடம் காஜியாக இருந்தவர். 1340களின் தொடக்கத்தில் மலபார்க் கரையோரமாகப் போகிறார். அந்தச் சாலையை அவர் புகழ்வதற்கு அளவில்லை. வழியெல்லாம் மர நிழல், அரை மைலுக்கு ஒரு மரச் சாவடி, உட்காரத் திண்ணை, கிணறு, தண்ணீர் கொடுக்க ஒரு ஆள். அப்படிப் பத்திரமான சாலை வேறெங்கும் இல்லை என்கிறார். அடுத்து ஒரு விவரம். தாகத்தோடு வருபவர் இந்து என்றால் பாத்திரத்தில் தண்ணீர் கிடைக்கும். முஸ்லிம் என்றால் கையில் ஊற்றுவார்கள், போதும் என்று சைகை காட்டும்வரை. முஸ்லிம்கள் அவர்கள் வீட்டுக்குள் போகக்கூடாது. அவர்கள் பாத்திரத்தில் சாப்பிட்டுவிட்டால் பாத்திரத்தை உடைப்பார்கள், அல்லது சாப்பிட்டவருக்கே கொடுத்துவிடுவார்கள்.

போலோ ஓரமாக நின்று பார்த்தது இவருடைய கையிலேயே நடக்கிறது. ஆனால் கோபம் இல்லை, புகார் இல்லை. 'வழக்கம்' என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார். ஏன்? எனக்குத் தோன்றுவது இது: அவருக்கும் வழக்கங்கள் உண்டு, விலக்குகள் உண்டு. அயலூரில் தன் ஆட்களின் வீடுகளில் தங்கிக்கொள்ளலாம். அடுத்த துறைமுகத்தில் காஜியின் விருந்து காத்திருக்கும். அவமானம் ஒரு சாவடியோடு முடிந்துவிடுகிறது. அதே மலபாரில் விலங்குமீது ஏறிப் போகிறவர்கள் கிடையாது, அடிமைகளோ கூலியாட்களோ தூக்கும் பல்லக்குதான் என்றும் எழுதுகிறார். தூக்குகிறவர்களுக்கு எந்தச் சாவடியில், எதில் தண்ணீர் கிடைத்தது? அந்த வாக்கியம் அவர் நூலில் இல்லை.

பதூதாவுக்கு அதிகாரம் கிடைத்த இடத்தையும் பார்க்க வேண்டும். மாலத்தீவில் அவரைக் காஜியாக்குகிறார்கள். அங்கே பெண்கள் இடுப்புக்குமேல் துணி உடுத்துவதில்லை. இவர்களும் முஸ்லிம்கள், இருந்தும் இப்படியா என்று திகைத்துப்போய், மூடிக்கொள்ளச் சொல்லி உத்தரவு போடுகிறார். நடக்கவில்லை. தன் முன்னால் வழக்குக்கு வருகிறவர்களை மட்டும்தான் மூட வைக்க முடிந்தது என்று ஒப்புக்கொள்கிறார். போலோவிடம் அதிகாரம் இல்லாததால் 'இங்கே தையல்காரர் இல்லை' என்பதோடு நின்றது. பதூதாவிடம் கொஞ்சம் அதிகாரம் இருந்ததால் அதே முன்முடிவு உத்தரவாகிறது. பயணியின் கண் எவ்வளவு கோணலானது என்பதைவிட, அந்தக் கண்ணுக்குப் பின்னால் எவ்வளவு பலம் நிற்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

மாலத்தீவிலிருந்து இலங்கை, அங்கிருந்து மாபார். மதுரைச் சுல்தான் கியாசுதீன் அவருக்கு மனைவி வழியில் உறவு. அந்தச் சுல்தான் பிடிபட்ட இந்துக்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, கொன்ற விதத்தைப் பார்த்து, வேறெந்த அரசனும் இப்படிச் செய்து கேட்டதில்லை என்று மனம் வெறுத்து எழுதுகிறார். உறவுக்காரன், தன் மதத்தான், சோறு போட்டவன், இருந்தும் கண்டிக்கிறார். பயணி தன் முன்முடிவைத் தாண்டும் இடங்களும் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஆனால் அதே மதுரையில், கொள்ளைநோய்க் காலத்தில், நல்ல உடல்நலம் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு அடிமைப் பெண்ணை வாங்கினேன், மறுநாளே செத்துப்போனாள் என்றும் எழுதுகிறார். நோயின் கொடுமைக்கு அவள் ஒரு உதாரணம், அவ்வளவுதான். அவளுக்கும் ஒரு ஊர் இருந்திருக்கும். அவளும் பயணம் செய்துதான் அந்தச் சந்தைக்கு வந்திருப்பாள்.

4

மலபார்ச் சாவடியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் அந்தக் கிணற்றடியில் நின்ற ஆளை எனக்குத் தெரியும். அது நான்தான்.

எங்கள் பக்கம், பழைய தென்னார்க்காட்டில், ஒருவர் செத்துப்போனால் சொந்தக்காரர்களின் ஊர்களுக்கு இழவு சொல்லப் போகிறவர் சேரியிலிருந்துதான் போகவேண்டும். வெயிலோ மழையோ, எட்டு மைலோ பத்து மைலோ, நடை. வந்தவர் வாசலுக்கு வெளியே நின்று, யார், எப்போது, எப்போது எடுக்கிறார்கள் என்று சொல்வார். கொஞ்சம் நெல் கிடைக்கும். தண்ணீர் கிடைக்கும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்படி வந்த ஒருவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லிச் செம்பைக் கையில் கொடுத்தார்கள். அவர் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து முகவாய்க்குக் கீழே வைத்துக்கொண்டார். திண்ணையிலிருந்து பாட்டியின் குரல்: 'ஒசரத் தூக்கி ஊத்துடா, செம்புல பட்டுடப் போவுது.' தூக்கி ஊற்றினேன். முழங்கை வழியாக வழிந்து தரையில் கொட்டியதுதான் அதிகம். அவர் தலையை ஆட்டிப் போதும் என்றார்.

அது தீண்டாமை என்று எனக்குத் தோன்றவில்லை. அது தண்ணீர் கொடுக்கிற முறை. அவருக்குத் தண்ணீர் கொடுத்ததை ஒரு நல்ல காரியமாகக்கூட நினைத்திருப்பேன். பதூதாவின் நூலில் வரும் சாவடிக்காரரும் அப்படித்தான் நினைத்திருக்கவேண்டும். தினம் தினம் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிற புண்ணியவான் அல்லவா!

5

ஐரோப்பியர்களை இங்கே சீக்கிரமாகவே கடந்துவிடுகிறேன், அவர்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டாகிவிட்டது. ஆனால் ஆபே துபுவா இந்தக் கதைக்குத் தேவைப்படுகிறார். 1792இல் வந்து, முப்பது வருஷத்துக்கும் மேல் தென்னிந்தியாவில், பெரும்பாலும் மைசூர்ப் பக்கம் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார். இந்த ஊர் உடை, இந்த ஊர்ச் சாப்பாடு. இந்துக்களின் பழக்கவழக்கங்கள் பற்றிய அவருடைய கையெழுத்துப் பிரதியைக் கம்பெனியின் சென்னை அரசு 2000 வராகன் கொடுத்து வாங்கியது. ஆங்கிலத்தில் 1816இல் அச்சானது. அதன் பெரும்பகுதி, பாண்டிச்சேரியில் 1779இல் இறந்த கேர்து என்ற ஏசுசபைப் பாதிரியாரின் எழுத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று சில்வியா மூர் என்ற ஆய்வாளர் பின்னாளில் நிறுவினார். 1987இல் அது நூலாக வந்தது. அனுபவசாலியின் நேரடிச் சாட்சியம் என்று கம்பெனி காசு கொடுத்து வாங்கியது இன்னொருவர் கண்ணை.

திருட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. துபுவா இந்து மதத்தை வெறுத்தார். ஆனால் சாதி அமைப்பைப் பாராட்டினார்; அது இல்லாவிட்டால் இந்த மக்கள் காட்டுமிராண்டிகளாகியிருப்பார்கள் என்று வாதாடினார். பறையர்களைப் பற்றி எழுதும்போது அருவருப்பு அவருக்கு இயல்பாக வருகிறது. மதத்தில் பிராமணருக்கு எதிரி, பார்வையில் பிராமணருக்குச் சீடர். அவர் உடுத்திக்கொண்டது இந்தியர் உடை என்று பொதுவாகச் சொல்வது தவறு. இந்தியரில் யாருடைய உடை, யாருடைய சாப்பாடு என்று கேட்க வேண்டும். இந்த ஊராகவே மாறிவிட்டேன் என்று சொல்லும் பயணி, இந்த ஊரின் எந்தத் தெருவாக மாறினார் என்பது நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் தெரிந்துவிடும்.

திப்பு 1799இல் வீழ்ந்ததும் வெல்லெஸ்லியின் உத்தரவோடு 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து கிளம்பிய பிரான்சிஸ் புக்கானன் இதற்கு நேர் எதிர்: பிராமணர்மீதான எரிச்சலை அவர் மறைப்பதே இல்லை. மண், பயிர், வாரம், கூலி, அடிமை என்று அவர் எழுதிவைத்தது இன்றும் நமக்கு உதவுகிறது. ஆனால் எழுதச் சொன்னது வரி வசூலிக்கப்போகிற அரசு. அதையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

6

நம்மவர் எழுதினால்? சென்னை சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்த ஏனுகுல வீராசாமி 1830 மே மாதம் சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பி, 1831 செப்டம்பரில் திரும்பினார். கூடப் போனவர்கள் ஏறத்தாழ நூறு பேர். வழியிலிருந்து நண்பருக்குத் தெலுங்கில் எழுதி அனுப்பியதெல்லாம் அவர் இறந்தபின் 1838இல் நூலாக வந்தது. தென்னாட்டார் ஒருவர் நவீன முறையில் எழுதிய முதல் பயண நூல்களில் ஒன்று. வெள்ளைக்காரர் கண் இல்லை, கம்பெனியின் கட்டளையும் இல்லை. அருமையான நூல், சந்தேகமே இல்லை. ஊர் ஊராக வழி எப்படி, தண்ணீர் எப்படி, சாமான்கள் கிடைக்குமா, பிராமணர் வீடுகள் உண்டா என்று நமக்குச் சொல்லிக்கொண்டே போகிறார்.

ஆசாரமான யாத்திரைக்காரருக்கு அவை தேவைதானே என்று கேட்கலாம். தேவைதான். நான் சொல்ல வருவதும் அதுவே. ஒரு பயணிக்கு எது வசதியோ அதுவே அவருடைய நாட்டின் வரைபடம். பிராமணர் வீடு இல்லாத ஊர் அவருக்கு வெற்றிடம், போலோவுக்குத் தையல்காரர் இல்லாத நாடு மாதிரி, எனக்கு இட்லி இல்லாத பாட்னா மாதிரி. ஆனால் ஒரு வேறுபாட்டையும் மறைக்கக்கூடாது. போலோவின் 'இல்லை' ஒரு அயலூரானின் தவிப்பு. வீராசாமியின் 'உண்டா?' என்பதை அவருக்காக இந்த நாடு நூற்றாண்டுகளாகத் தயார் செய்து வைத்திருந்தது; அரசர்களும் பிரபுக்களும் கட்டிய சத்திரங்கள், மானியங்கள், அன்னதானங்கள். ரயில் வந்தபிறகும் இது தொடர்ந்தது. ஸ்டேஷன் சாப்பாட்டுக் கூடங்களில் 'பிராமணாள்', 'இதராள்' என்ற பலகைகளை எடுக்க வைக்கப் பெரியார் போராடவேண்டியிருந்தது. ரயில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தது என்று எழுதுகிறவர்கள் ரயில் நின்ற இடத்தில் என்ன நடந்தது என்று பார்ப்பதில்லை.

7

ரயில் நின்ற இடத்தைப் பற்றி எழுதியவர் அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அவர் தலைப்பிட்ட சிறிய பிரதி அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து 1990இல் வெளியானது. அதைத் தன்வரலாறு என்கிறார்கள். எனக்கு அது இந்தியாவில் எழுதப்பட்ட மிக முக்கியமான பயண நூல். தலைப்பே பயணிக்குரிய தலைப்பு.

1901இல், ஒன்பது பத்து வயதில், அப்பாவைப் பார்க்க சதாராவிலிருந்து சிறுவர்களாகவே ரயிலில் மசூர் ஸ்டேஷனில் போய் இறங்குகிறார்கள். நல்ல உடை உடுத்தியிருந்ததால் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்து அன்பாக விசாரித்த ஸ்டேஷன் மாஸ்டர், மகார் என்று தெரிந்ததும் முகம் மாறிப் பின்வாங்குகிறார். வண்டிக்காரர்கள் யாரும் ஏற்றிக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலிக்கு ஒருவர் சம்மதிக்கிறார், வண்டியைப் பிள்ளைகளே ஓட்டவேண்டும், அவர் கூட நடந்து வருவார் என்ற நிபந்தனையோடு. தூக்கில் சாப்பாடு இருக்கிறது, தண்ணீர் இல்லை. சுங்கச்சாவடியில் தங்களை முஸ்லிம்கள் என்று சொல்லிக்கூடத் தண்ணீர் கேட்டுப் பார்க்கிறார்கள். கிடைக்கவில்லை. பட்டினியாகப் படுக்கிறார்கள்.

பதூதாவை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். முஸ்லிம் என்பதற்காக அவருக்குப் பாத்திரம் மறுக்கப்பட்டது, தண்ணீர் கையில் கிடைத்தது. இந்தப் பிள்ளைகளுக்கு முஸ்லிம் என்பது ஒரு படி மேலே ஏறுவதற்கான பொய். பயண எழுத்தின் பழைய இலக்கணமே இங்கே கவிழ்கிறது. அயலூருக்குப் போய் அங்குள்ளவர்களை விசித்திரமாகப் பார்க்கிறவர்தான் பயணி. இவரோ சொந்த நாட்டில் போகிறார், பார்க்கப்படுகிறார். பார்க்கிறவர்களைத் திரும்பிப் பார்த்து எழுதுகிறார். கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர் பரோடாவில் தங்க இடமில்லாமல் பார்சி விடுதியில் ஒளிந்து தங்க, தடியோடு வந்து வெளியேற்றுகிறார்கள். 1934இல் தௌலதாபாத் கோட்டைக் குளத்தில் முகம் கழுவியதற்கு முஸ்லிம்கள் கூடிச் சண்டைக்கு வருகிறார்கள். இந்து, பார்சி, முஸ்லிம் என்று எந்த வாசலும் விட்டுப்போகவில்லை. போலோவின் பிரதியில் மறைந்துபோன அந்தத் தடுத்த கை, இங்கேதான் முழுசாக, முகத்தோடு, வசனத்தோடு வருகிறது. 'வழக்கம்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிய அது யாருக்கும் இடம் வைக்கவில்லை.

எனவே பயண நூல்களைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. பயணி பொய் சொல்லுகிற இடத்திலும் ஏதோ ஒன்றைச் சரியாகச் சொல்லிவிடுகிறார். அவருடைய 'இல்லை'களில் அவர் ஊர் இருக்கிறது. அவருடைய 'வழக்கம்'களில் நம் ஊர் இருக்கிறது. முதலாவதைக் கண்டுபிடிப்பதில் நாம் தேறிவிட்டோம். இரண்டாவதைப் படிக்கும்போதுதான் நமக்குக் கண் மங்குகிறது.

மகத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளியது 1927இல். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் பட்டியல் சாதியினர் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது. இது யாருடைய வழக்கம் என்று எந்தப் பயணியிடமும் போய்க் கேட்கத் தேவையில்லை.

இழவு சொல்ல வந்தவரைப் பற்றி அம்மாவிடம் சமீபத்தில் கேட்டேன். அந்த வட்டாரத்து வழிகள், ஆற்றுத் துறைகள், குறுக்குப் பாதைகள், எந்த வீட்டில் யார் என்பதெல்லாம் அவர் அளவுக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. போலோவைப் போல, வீராசாமியைப் போல, அவரும் ஊர் ஊராகச் சேதி கொண்டுபோனவர். ஒவ்வொரு வாசலிலும் ஒவ்வொரு செம்பும் எவ்வளவு உயரத்திலிருந்து வந்தது என்பதை அவர் எழுதியிருந்தால் தென்னார்க்காட்டின் உண்மையான பயண நூல் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். 'யாரு, சாவு சொல்ல வருவாரே அவரா? நல்ல மனுசன். எத்தினி வருசமா வந்தாரு. பேரு... பேரு கேட்டதில்லையேடா.'